மலையும் மகுடமும் – 12: துரைசாமி என்றொரு ராஜா

கெப்பெட்டிபொல திசாவை வெள்ளைக்காரனின் துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆங்கிலேயருக்கு எதிரான ஊவாக் கலகக்காரர்களோடு சேர்ந்த கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அவர் யாருடைய கொடியின் கீழ் போய் நின்றார்? அந்த ஆளை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1817 ஜூலை, கதிர்காமத் திருவிழாக் காலம். ஏழு கோரளையைச் சேர்ந்த வில்பாவே அங்கே வந்து சேர்ந்தான். சிங்களவன், காவியைக் களைந்த பிக்கு. அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் துரைசாமி! கண்டி நாயக்கர் குலத்து வாரிசு நான்தான், கதிர்காமக் கந்தனே என்னை அரசனாக்கினான் என்றான். ஊவாவின் வெல்லஸ்ஸ மக்கள் நம்பினார்கள். விசாரிக்கப் போன பதுளையின் ஆங்கிலேய உதவி ரெசிடென்ட் வில்சன், செப்டம்பரில் அம்பு பட்டுச் செத்தான். ஊவா முழுவதும் பற்றிக்கொண்டது.

சிங்களக் கிராமங்களைத் திரட்ட ஒரு சிங்களவனுக்கு எதற்குத் தமிழ்ப் பெயர்? 1739 முதல் 1815 வரை கண்டியில் ஆண்ட நால்வரும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குலம். நிலம், உயிர், இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் எல்லாம் அரசனின் கையில். அந்த வரம்பற்ற அதிகாரத்துக்கு நியாயம் கொடுத்தது தலதா. புத்தரின் புனிதப் பல்லைக் காப்பவனே அரசன். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753-இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதா என்ற உயர் துறவுச் சடங்கை மீட்டான், பெரஹரா ஊர்வலத்தில் தலதாவை முன்னால் கொண்டுவந்தான். சைவ வீட்டில் பிறந்தவன் பௌத்தத்தின் காவலனானான். குலமும் தலதாவும் சேர்ந்தால்தான் அரசு என்பது மூன்று தலைமுறையில் குடியானவனின் மனத்தில் ஊறிவிட்டது.

ரஷ்யாவில் ஜார் முதலாம் நிக்கலாயின் கல்வி மந்திரி உவாரவ் 1833-இல் மதத்தையும் முடியையும் பிணைக்கும் இதே எண்ணத்தைச் சூத்திரமாகவே எழுதிவைத்தார்: திருச்சபை, எதேச்சாதிகாரம், தேசியம். ஆனால் அவருக்கு அறுபது வருடம் முன்பே, 1773-இல், புகச்சோவ் என்ற கொசாக்கியன், கொலையுண்ட ஜார் மூன்றாம் பியோத்தர் நான்தான் என்று கிளம்பினான். பண்ணையடிமைகள் ஆயிரக்கணக்கில் அவன் பின்னே போனார்கள். ஜாராட்சியை எதிர்க்கவும் அவர்களுக்கு ஒரு ஜார் வேண்டியிருந்தது. வெல்லஸ்ஸ குடியானவனுக்கும் அப்படித்தான். வெள்ளைக்காரனை விரட்ட அவனுக்கு ஒரு ராஜா வேண்டும், உண்மையான ராஜாவோ வேலூர்க் கோட்டையில் சிறையிருந்தார். அந்த வெற்றிடத்தை வில்பாவே சரியாகக் கண்டுகொண்டான். அவனை வெறும் மோசடிக்காரன் என்று எழுதும் சரித்திரக்காரர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன்.

1818-இல் வெல்லவாயாவில் அவனுக்கு முடிசூட்டினார்கள். ஹாலிஎலயிலிருந்து எல்ல வழியாகக் கதிர்காமத்துக்கு பஸ் ஏறும் நம்மவர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். பிக்குகள் தலதாவையும் கண்டியிலிருந்து இரகசியமாக வெளியேற்றியிருந்தார்கள். குலம், தலதா, கந்தனின் அருள் என எல்லாம் அவன் பக்கம். மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊவாவின் குடியானவர்கள் ஒரு தமிழ்ப் பெயருக்காக உயிரைக் கொடுத்தார்கள். தோட்டத்து மக்களை நேற்று வந்தவர்கள் என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

கலகத் தளபதிகளுக்குள் பிளவு வந்தது. அவர்களில் ஒருவனான மடுகல்லையே வில்பாவேயைப் பிடித்து, போலி என்று ஊரறியச் சொல்லித் தொழுவில் மாட்டினான். அதன்பின் தலதாவும் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. இனி இவர்கள்தான் எஜமானர்கள் என்று சனங்கள் பேசிக்கொண்டதாக அப்போது இங்கிருந்த மருத்துவர் ஜோன் டேவி எழுதியிருக்கிறார்.

ஆளுநர் பிரவுன்ரிக் கிராமங்களை எரித்தே கலகத்தை அடக்கினான். அவனைப் பெரிய வீரன் என்று புகழ்வோரை என்னால் மன்னிக்க முடியாது. 1815 மார்ச் 2 உடன்படிக்கையில் பௌத்தத்தைக் காப்பதாகக் கையெழுத்திட்டுக் கண்டி அரசனின் இடத்தில் தன் மன்னனை அமர்த்தியவனும் அவனே. 1818 நவம்பர் 21 பிரகடனத்தால் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்து அரசாங்கத்துக்குக் கீழே கொண்டுவந்தான். ஐந்து நாள் கழித்து போகம்பரையில் கெப்பெட்டிபொலவின் தலை விழுந்தது. அவர் கதை அடுத்த வாரம் நிச்சயம்.