இலங்கைப் பிரஜாவுரிமையும் மேல்முறையீடும்: விருதுநகர்ச் சீமையிலிருந்து போனவர்களின் வரலாறு

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதி. சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் காடுகள் வானம் பார்த்தவை. மழை பொய்த்த ஆண்டுகளில் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் மாவட்டத்து ஏழைகள் ஆள் சேர்த்த கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கும் வரை, கரிசல் மண்ணுக்கு வெளியே பிழைப்புத் தேடுவோருக்கு இருந்த பெரிய வழிகளுள் ஒன்று கடல் கடப்பது. வணிகர்களும் போனார்கள். விருதுநகர் வற்றலும் பருப்பும் தூத்துக்குடி வழியாகக் கொழும்புச் சந்தைக்குச் சென்றன. அங்கே கடை வைத்தவர்களில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் தங்கினர்.

அந்நாளில் இரு நாடுகளும் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தன. தொழிலாளரிடம் கடவுச்சீட்டோ விசாவோ கேட்கப்படவில்லை. மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகச் சில நாள் தங்கவைத்து, தோட்டத்தைக் குறிக்கும் அடையாளத் துண்டோடு தலைமன்னாருக்கு அனுப்பினார்கள். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. அதற்குள் தோட்டங்களில் இரண்டு, மூன்று தலைமுறைகள் பிறந்து வளர்ந்திருந்தன.

1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவருக்கும் தந்தை அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கேயே பிறந்ததற்குச் சான்று கேட்டது. இந்திய வம்சாவளியினர் பெரும்பாலோரிடம் அப்படிப்பட்ட பத்திரம் இல்லை. அவர்களுக்கென 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், திருமணமானவர் தொடர்ந்து 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். அதற்குப் பின்னும் வசிப்பு அறாமல் தொடர வேண்டும். ஒரே பயணத்தில் 12 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கியவருக்கு அந்தத் தொடர்ச்சி முறிந்தது. நிலையான வருமானத்தையும், மனைவி மக்கள் இலங்கையில் வாழ்வதையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஊரில் குடும்பத்தை வைத்திருந்த வணிகர்களுக்கு இந்த நிபந்தனையே பெருந்தடையாயிற்று.

விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை அவகாசம் இருந்தது. இந்திய வம்சாவளியினரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தது. பின்னர் மனம் மாறி, விண்ணப்பிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே பெரும்பாலான மனுக்கள் கடைசி மாதங்களில் குவிந்தன. 2,37,000 மனுக்கள் வழியாக 8 லட்சத்துக்கும் அதிகமானோர் பிரஜாவுரிமை கேட்டனர்.

ஒவ்வொரு மனுவும் விசாரணை அதிகாரியின் அறிக்கையோடு துணை ஆணையாளரிடம் போயிற்று. மனு நிறைவளிக்கவில்லை எனில், அதை ஏன் தள்ளக் கூடாது என்று காரணம் காட்டும்படி அறிவித்தல் வரும். அதன்பின் விசாரணை நடக்கும். தொழிலாளியின் கையில் இருந்த சான்று தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோல்தான். பல தோட்டங்களில் வேலை பார்த்தவர் ஒவ்வொரு தோட்டத் துரையிடமும் பழைய பதிவைத் தேடிப் பெற வேண்டும். 1949 நவம்பரில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டிப் பலர் தற்காலிக வதிவிட அனுமதி பெற்றிருந்தனர். ‘தற்காலிகம்’ என்று எழுதிக் கையெழுத்திட்ட அந்தத் தாளே, நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை என்பதற்குச் சாட்சியாயிற்று. ஊருக்குப் பணம் அனுப்பிய படிவங்களும் அவ்வாறே எதிராகத் திரும்பின.

மறுக்கப்பட்டவர் மூன்று மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டம் சொன்னது. விசாரணை முறையாக நடக்காத வழக்குகளில் நீதிபதிகள் ஆணையாளரின் உத்தரவை நீக்கி, மறுவிசாரணைக்கு அனுப்பியதும் உண்டு. ஆனால் மேல்முறையீட்டுக்குக் கொழும்பில் வழக்கறிஞர் வைக்க வேண்டும். கடைக்காரருக்கு அது முடிந்தது. நாட்கூலியில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு எட்டாத செலவு. உரிமை சட்டத்தில் இருந்தும், அதைப் பயன்படுத்தும் வழி பெரும்பாலோருக்கு அடைபட்டே கிடந்தது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் அடிப்படையையே கேள்வி கேட்ட வழக்கு ஒன்றும் நடந்தது. கோடக்கன் பிள்ளை என்பவரின் பெயரை ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் பட்டியலில் சேர்க்க, அவர் இலங்கைக் குடிமகன் அல்லர் என்று கூறிப் பதிவு அதிகாரி மறுத்தார். முறையீட்டைக் கேட்ட மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம், ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று 1951இல் தீர்ப்பளித்தார். சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. வழக்கு அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. குடியுரிமையின் தகுதிகளை வகுப்பது சட்டமன்றத்தின் அதிகாரம் என்று கூறி, 1953இல் அது மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பொதுவான பரிகாரத்துக்கான நீதிமன்ற வழி அத்துடன் மூடியது.

1964 அளவில் சுமார் 1,34,000 பேரே 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பிரஜாவுரிமை பெற்றிருந்தனர். எஞ்சியோரின் கதியை இந்திய, இலங்கை அரசுகள் முடிவு செய்தன. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோரை 9,75,000 பேர் எனக் கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்கச் செய்தது. எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. முன்னோர் ஏறிய அதே மண்டபம் வழியில் லட்சக்கணக்கானோர் திரும்பி வந்தார்கள். அவர்களுக்காகத் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அவர்களைப் போன்று தாயகம் திரும்பியோருக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது.

இலங்கையில் தங்கியோருக்குத் தீர்வு வந்தது தனிமனித வழக்குகளால் அல்ல. மனுதாரரே அனைத்தையும் நிரூபிக்க வேண்டும் என்ற சுமையைக் குறைத்த சட்டங்களே அதைத் தந்தன. இந்தியப் பங்கான 6 லட்சத்தில் 5,06,000 பேரே இந்தியக் குடியுரிமை கேட்டிருந்ததால், மீதி 94,000 பேரை 1986இல் இலங்கை ஏற்றது. 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் மற்றவர்களையும் குடிமக்களாக்கின. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்தவரும் அவர் வழிவந்தோரும் குடிமக்கள் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது.

இதே குடியுரிமைக் கேள்வி இந்தியக் கரையிலும் நிற்கிறது. இலங்கையில் நடந்த 1983 வன்முறைக்குப் பின் படகேறி வந்தோரில், தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரும் உண்டு. விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை உள்ளிட்ட இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. உரிய ஆவணமின்றி வந்தவர்களை 2003ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பதிவுக்குத் தகுதியற்றவர்களாக்கியது. முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஜூனில் தீர்ப்பளித்தார். மனுதாரர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும், மத்திய அரசு அவற்றைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. குடியுரிமையை நீதிமன்றம் நேரடியாக வழங்கவில்லை. இலங்கையின் அரை நூற்றாண்டு அனுபவம் காட்டுவதும் இதையே: மறுப்பு முறையாக நடந்ததா என்று மேல்முறையீடு பார்க்கும், தலைமுறைகளாக வாழ்ந்தவரை நாட்டுக்கு உரியவராக ஏற்பது சட்டம் இயற்றும் மன்றத்தின் கடமை.