செஞ்சி: ஊர் மாறிய தூண்கள்

அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம் செஞ்சியை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கும். அங்காளம்மன் ஊஞ்சலுக்கு நேரமாகிவிடுமே என்ற பதைப்பு அவர்களுக்கு. கோட்டைக்கென்றே வருகிறவர்கள் மட்டும் என்ன செய்கிறார்கள்? ராஜகிரி மலை ஏறி இறங்கி, கல்யாண மகால் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கீழ்க்கோட்டையில், புதுச்சேரி வாசல் பக்கம் இருக்கும் வெங்கடரமணர் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் சொற்பம்.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி பூஸ்ஸி ஒரே இரவில் ராஜகிரியைப் பிடித்த கதையை இந்த இதழில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் போட்ட சண்டையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நேராக வெடிமருந்துக்கே வந்துவிடலாம். அதற்கு முன் இந்தக் கோயிலில் ஒரு சுற்று சுற்றிவிடுவோம். பூஸ்ஸி கோட்டையைப் பிடித்ததால் இந்தக் கோயிலுக்கு என்ன ஆயிற்று என்பதும் அதே கதையின் பாதிதான்.

கட்டியவன் முத்தியாலு நாயக்கன். காலம் 1540-க்கும் 1550-க்கும் நடுவே. ராஜகோபுர வாசலின் உட்சுவரில் கொஞ்சம் நின்று பாருங்கள். பாற்கடல் கடைகிறார்கள், ஒரு பக்கம் தேவர், மறுபக்கம் அசுரர். ராமாயணக் காட்சிகள் பலகை பலகையாக ஓடுகின்றன. கருங்கல்லில் இவ்வளவு சிறிய முகங்களைச் செதுக்கியவர்கள் பெயர் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. நாயக்கன் பெயர் நிற்கிறது, கல்தச்சன் பெயர் நிற்கவில்லை. கோட்டைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் தளபதிகளுக்குப் பக்கம் பக்கமாகக் கொடுத்துவிட்டு இவர்களை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் ஆற்றாமை.

உள்ளே போனால் மண்டபம் வெறிச்சென்று கிடக்கிறது. இங்கிருந்த உயரமான ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 70 கிலோமீட்டர்! புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டுத் தூண்கள் நிற்கின்றனவே, அவை செஞ்சித் தூண்கள். மாலையில் அவற்றின் அடியில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? 1870-ல் புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குச் சிலை வைத்தபோது பீடத்துக்கும் செஞ்சிக் கோயில் கற்களையே பயன்படுத்தினார்கள். கடவுளைச் சுமந்த கல்லை கவர்னரின் காலடியில் போட்ட அந்த யோசனையை நான் மன்னிப்பதாக இல்லை. துய்ப்ளே கெட்டிக்காரன், ஆனால் செஞ்சிக்கு அவன் வில்லன்தான்.

மேல்சித்தாமூர் சமணக் கோயிலில் உள்ள மானஸ்தம்பத் தூணும் செஞ்சியிலிருந்து போனது என்பார்கள். அது எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. ஒரு கோயில் கல் இன்னொரு கோயிலுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கோயில் கல் இன்னும் தொலைவுக்கும் ஊர் மாறியிருக்கிறது; இப்போது கொஞ்சம் தூரம் போவோம். அமெரிக்காவில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குள் ஒரு தமிழ்நாட்டு மண்டபம் இருக்கிறது. மதுரை மதனகோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்தது. முத்தியாலு நாயக்கனுக்குச் சில ஆண்டுகள் பிந்தியது, அதே விஜயநகர, நாயக்கர் கால வேலை. தூண்களிலிருந்து அனுமனும் கருடனும் ஆளுயரத்துக்கு வெளியே வந்து நிற்பார்கள். அதை அங்கே கொண்டுபோனது படையோ கவர்னரோ அல்ல, ஒரு பெண். அடலின் பெப்பர் கிப்சன், பிலடெல்பியாவின் பணக்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவர், 1912-ல் மதுரைக்கு வந்தார். கோயில் வளாகத்தில் குவியலாகக் கிடந்த 60 சொச்சம் சிற்பக் கற்களைக் காசு கொடுத்து வாங்கிக் கப்பலேற்றினார். விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று பார்த்தால் எனக்குக் கோபம் வாங்கியவர் மேல் பாதி, விற்றவர் மேல் முழுசு.

முதல் உலகப் போரில் தொண்டு செய்யப் பிரான்சுக்குப் போன அடலின் அங்கேயே இறந்துபோனார். 1919-ல் குடும்பத்தார் அவர் நினைவாகக் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வந்து சேர்ந்ததோ கல் குவியல். எது எதன்மேல் உட்கார வேண்டும், எந்தக் கோயில், எந்தக் காலம் என்று சொல்ல ஆள் வேண்டுமே!

அந்த ஆள் நார்மன் பிரவுன். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர். பாதிரியார் மகன், சிறுவயதில் இந்தியாவில் வளர்ந்தவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியர், அருங்காட்சியகத்தின் இந்தியக் கலைப் பிரிவுக்கும் பொறுப்பாளர். 1930-களில் மதுரைக்கே வந்து விசாரித்தார். கற்கள் எந்தக் கோயிலைச் சேர்ந்தவை என்பதற்குத் துப்புத் துலக்கி, 1940-ல் அந்த மண்டபத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அதே ஆண்டு புதிய கட்டடத்தில் மண்டபம் எழுந்தது. கல்லை வாங்கியவர்களும் அடுக்கியவர்களும் எழுதியவர்களும் அங்கே ஒரே கதைக்குள் வந்துவிட்டார்கள். மதுரை அனுமனுக்கு அங்கே முகவரி இருக்கிறது. எங்கள் செஞ்சித் தூணுக்கு ஒரு பிரவுன் வாய்க்கவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டுமே. மகிழ்ச்சிதான். மராத்திய மன்னர் ராஜாராம் இங்கிருந்துகொண்டு எட்டு ஆண்டு மொகலாயருக்குத் தண்ணி காட்டியதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர், நாயக்கன் கட்டிய இந்தக் கோயிலையும் மராத்தியர் கணக்கில் எழுதிக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும். வாசலில் நல்ல தமிழில் நாலு வரி எழுதி வைத்தால் போதும், தூண்கள் எங்கே போயின என்பதையும் சேர்த்து.

எனக்குக் கொடுத்த பக்கம் இங்கே முடிகிறது. பூஸ்ஸி இன்னும் மலை ஏறவில்லை. 250 ஐரோப்பியர், 1,200 சிப்பாய்கள், வாசலைத் தகர்க்க வெடி எல்லாம் தயாராக நிற்கின்றன. விடிந்தபின் தாங்கள் பிடித்த இடத்தை அண்ணாந்து பார்த்து அவர்களே திகைத்துப்போனார்கள். அந்த இரவின் கதையை அடுத்த இதழில் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். ஆசிரியரும் அதைத்தான் கேட்கிறார்.