தோண்டும் முன் பார்

1995 ஏப்ரல் 28 அன்று தென்கொரியாவின் டேகு நகரில் கட்டுமான வேலைக்குத் துளை போட்டபோது, மண்ணுக்குள் இருந்த எரிவாயுக் குழாய் ஓட்டையானது. கசிந்த வாயு அருகே கட்டிக்கொண்டிருந்த சுரங்க ரயில் பாதைக்குள் பரவி வெடித்தது. 101 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிக்குக் கிளம்பிய மாணவர்கள்.

தோண்டாமலே மண்ணுக்குள் பார்க்க வழி இல்லையா? உண்டு நண்பர்களே, தரை ஊடுருவும் ரேடார்! 1929லேயே ஆஸ்திரியாவில் ஒரு பனியாற்றின் ஆழத்தை ரேடியோ அலையால் அளந்தார்கள். 1972ல் அப்போலோ 17 இதே முறையில் நிலவின் தரைக்குக் கீழே பார்த்தது.

தள்ளுவண்டி போன்ற கருவி அலையை மண்ணுக்குள் அனுப்பும். அது குழாயில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். பிளாஸ்டிக் குழாயும் தெரியும். ஈரக் களிமண்ணில் மட்டும் அலை சீக்கிரம் அடங்கிவிடும். அங்கே வரைபடத்தைப் பார்த்து, கையால் மெல்லத் தோண்ட வேண்டும்.

நிலவுக்குள்ளேயே பார்த்தவர்கள், தெருவைப் பார்க்காமல் தோண்டலாமா?