விசாரிக்காமல் போட்ட சோறு

வடலூருக்கு வருகிறவர்கள் வள்ளலார் கட்டிய ஞான சபையைப் பார்த்து, ஏழு திரை ஜோதியைப் பற்றிப் பேசிக்கொண்டே ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்குச் சபையைவிட, பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலைதான் பெரிது. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. சம்பா அறுத்துக் களத்தில் நெல் அளக்கும்போது, சாலைக்கென்று ஒரு மூட்டையை ஒதுக்கிவிட்டுத்தான் அப்பா மற்றக் கணக்கைத் தொடங்குவார். வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே சாலைக்கு அரிசியும் பருப்பும் போய்விடும். விசேஷ நாட்களில் பசித்தவர் வயிற்றை முதலில் நினைக்கச் சொன்னவர் வள்ளலார்.

சத்திய தருமச்சாலையை அவர் தொடங்கியது 1867 மே 23 அன்று, பிரபவ ஆண்டு வைகாசி 11. பார்வதிபுரத்துக் குடியானவர்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை விலை வாங்காமல் எழுதிக்கொடுத்தார்கள். முதற்கட்டடம் மண்சுவரும் கூரையும்தான். ஆனால் அடுப்பு 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம்! கூரையைச் சிறிதாகவும் அடுப்பைப் பெரிதாகவும் போட்டவரின் மனம் எனக்கு அதிலேயே தெரிகிறது. அன்று மூட்டிய நெருப்பை இன்றுவரை அணையவிடாமல் காத்துவருகிறார்கள்.

ஐந்தாம் ஆண்டில், 1872 தைப்பூசத்தில் ஞான சபை திறந்தது. கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்பது அங்கே விதி. சாலையில் அந்த விதி கிடையாது. புலால் உண்பவரைத் தம் நெறிக்குப் புறத்தே வைத்தவர், அவருடைய பசியை மட்டும் புறத்தே வைக்கவில்லை. சாதி, சமயம், ஊர், நடத்தை எதையும் விசாரிக்காமல் சோறு போடு என்று ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில் எழுதினார். சபைக்கு ஒரு விதி, சாலைக்கு ஒரு விதி என்று அவர் பிரித்து வைத்ததைத்தான் அவர் செய்தவற்றுள் ஆகப்பெரியதாக நான் மதிக்கிறேன்.

அடுப்பு மூட்டிய பத்தாம் ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு வந்து, நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறக்குறைய 450 கிராம், போதும் என்று கூலியை வெட்டினார். சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எதிர்த்தார். பிறகுதான் கூலி கூடியது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படிப் பட்டினி உடம்புகள் வெட்டியது. உடம்பில் தெம்பு இருக்கிறதா, வேலை செய்தானா என்று பார்த்துப் பார்த்துத்தான் சர்க்கார் தானியம் அளந்தது.

வள்ளலார் அப்போது இல்லை. 1874 ஜனவரியிலேயே மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பஞ்ச காலத்தில், எதையும் விசாரிக்காத அந்தச் சாலை அடுப்புக்கு விறகும் அரிசியும் சேர்த்தவர்கள் அவருடைய சன்மார்க்க நெறி அன்பர்களும், மழை பொய்த்த அதே மண்ணில் உழுதுகொண்டிருந்த சுற்றூர்க் குடியானவர்களும்தான்.