பன்னிரண்டு முதலியார்கள் ஒப்பமிட்ட ஏடு

1706இல் ஒல்லாந்த ஆளுநர் சிமொன்ஸ், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை எழுத்தில் தொகுக்கும்படி உத்தரவிட்டார். பொறுப்பு திசாவை (மாவட்ட நிர்வாகி) கிளாஸ் ஐசாக்ஸிடம் வந்தது. 37 ஆண்டுகளை யாழ்ப்பாணத்தில் கழித்தவர் அவர். சீதனம், முதுசம், காணி ஈடு, அடிமை, மாடு வாடகை என்று கண்டதையும் கேட்டதையும் ஒல்லாந்த மொழியில் எழுதி 1707 ஜனவரியில் முடித்தார். யான் பீரூஸ் என்பவர் அதைத் தமிழாக்க, 12 முதலியார்கள் (ஊர்த் தலைமைக்காரர்கள்) வாசித்துச் சரியென்று ஒப்பமிட்டார்கள்.

அதுதான் தேசவழமை.

அந்த ஏட்டின் தொடக்கமே ஒரு மாற்றத்தைத்தான் பேசுகிறது. முற்காலத்தில் தகப்பன் வழிச் சொத்தான முதுசம் ஆண்பிள்ளைகளுக்குப் போனது. தாய் கொண்டுவந்த சீதனத்திலிருந்து பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுக்கப்பட்டது. போர்த்துக்கேயர் காலத்தில் இது குலைந்து, பெற்றோர் தங்களிடம் உள்ள எந்தச் சொத்திலிருந்தும் மகளுக்குச் சீதனம் எழுதத் தொடங்கினார்கள். காணி விற்பதிலும் அப்படியே. உரித்தாளர், பங்காளி, அயலவருக்கு முதலில் சொல்வது பழைய முறை; ஒல்லாந்தர் காலத்திலோ மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆக, ஐசாக்ஸ் எழுதியது என்றைக்கும் மாறாத வழக்கத்தை அல்ல. நகர்ந்துகொண்டிருந்த ஒன்றின் 1707ஆம் ஆண்டு நிலையைத்தான்.

யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பதும் முக்கியம். ஒப்பமிட்ட பன்னிருவரும் செல்வாக்குள்ள முதலியார்கள். கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் அடிமைகள் என்று ஏட்டில் பதிந்திருக்கிறது. அப்படிப் பதியப்பட்டவர்களின் ஒப்பம் அதில் இல்லை. ஊருக்கே பொதுவான வழக்கம் என்ற பெயரில் ஒரு தரப்பின் சாட்சியம் நிலைத்துவிட்டது. அடிமை முறையை ஒழிக்க 1844இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் 1806இன் 18ஆம் ஒழுங்குவிதியால் தேசவழமைக்கு முழுச் சட்ட வலு கொடுத்தார்கள். நீதிமன்றங்களின் கைக்கு வந்தது ஒல்லாந்த மூலத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது, இரண்டு ஐரோப்பிய மொழிகளின் வழியாக வந்து, அன்றன்றைய வழக்குகளைத் தீர்த்தது.

எழுதிவைத்தது பழசாகிப்போகும் இந்தச் சிக்கல் இன்றைய மென்பொருள்காரர்களுக்குப் பழகியதுதான். மேகக் கணிமையில் பயன்படும் கியூபெர்நெட்டிஸில் ‘கியூப்சிடிஎல் ரன்’ என்ற கட்டளை முன்பு ஒரு டிப்ளாய்மென்டை உருவாக்கும். 2020இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து அது ‘பாட்’ (pod) ஒன்றை மட்டுமே உருவாக்குகிறது. பழைய கையேட்டை நம்பித் தட்டியவர் ஏமாந்தாலும், கட்டளை செய்வதை உடனே திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே ஏடு சொல்வதுதான் செல்லும். வீட்டிலும் வயலிலும் வழக்கம் மாறியிருந்தாலும் ஏட்டின் முன் அது எளிதில் நிற்காது.

திருத்தம் மெதுவாகவே வந்தது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், திருமண காலத்தில் விலை கொடுத்து வாங்கியதெல்லாம் கணவன், மனைவி இருவருக்கும் பொதுவான தேடியதேட்டம் என்று வரையறுத்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. சீதனக் காசில் மனைவி ஒரு வளவு வாங்கினால் அது யாருடையது? 1947இன் 58ஆம் இலக்கத் திருத்தம்தான் தெளிவாக்கியது: தனிச் சொத்திலிருந்து வந்த பணத்தில் வாங்கியது தேடியதேட்டம் ஆகாது. அந்த இடைப்பட்ட 36 ஆண்டுகளில் சீதனப் பணம் போட்டவளுக்குச் சட்டத்தில் தெளிவான துணை இருக்கவில்லை.

1911 சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. மணமான பெண் தன் பெயரில் உள்ள சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவன் மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சீதனத்தைப் பெண்ணின் சொத்து என்று மதித்த ஒரு சமூகத்தின் பெயரால் இது நிலைப்பது அநியாயம். தேசவழமையை நம் பெருமை என்று சொல்பவர்கள் இந்த விதியை நீக்கும்படி முதலில் குரல் கொடுக்க வேண்டும்.