கோபுரம் வேண்டாம் என்ற நகரம்

சென்ற கோடை விடுமுறையில் வாலிபர் ஐக்கியத்தினராகிய நாங்கள் பெர்லினிலிருந்து ரயிலேறி, போலந்து எல்லையருகே ஓடர் நதியோரம் இருக்கும் ஐசன்ஹூட்டன்ஸ்டாட் நகருக்குப் போனோம். இரும்பாலை நகரம் என்பது அதன் பொருள். "தொழிலாளர் குடியிருப்பைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

1950இல் கிழக்கு ஜேர்மனிய அரசு ஓர் இரும்பாலையையும், அதன் தொழிலாளருக்குப் புது நகரம் ஒன்றையும் இங்கே கட்டத் தொடங்கியது. திட்டம் வரைந்தவர் குர்ட் லொய்ஹ்ட். 1953 மே 7இல் ஸ்டாலின்ஸ்டாட் என்று பெயரிட்டார்கள். 1961இல் அது மாறியது.

உள்ளதைச் சொன்னால், நகரம் அழகு. வீடுகள் விசாலமான முற்றங்களைச் சுற்றி நிற்கின்றன. உள்ளே புல்வெளி, மரநிழல், பிள்ளைகள் ஓடியாட இடம். தொழிலாளியின் வீட்டுக்கு இத்தனை அக்கறையா என்று முணுமுணுத்தவர்களே படம் எடுத்தார்கள். பழைய குழந்தைகள் காப்பகம் ஒன்று இப்போது அருங்காட்சியகம். படிக்கட்டருகே வால்டர் வொமாக்கா செய்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் ஆலய ஜன்னல்களையே நினைவூட்டின. ஆனால் அவற்றில் அப்போஸ்தலர்கள் இல்லை, குழந்தைகள்தான்.

அந்த நகரத்தில் ஆலயம் கட்டவில்லை. பெயர் சூட்டிய நாளில் தலைவர் வால்டர் உல்பிரிஷ்ட், நகர மன்றத்துக்கும் கலாசார மாளிகைக்கும் கோபுரம் இருக்கும், வேறு கோபுரம் தேவையில்லை என்ற கருத்தில் பேசினார். விசுவாசிகளோ அங்கே இருந்தார்கள். போதகர் ஹைன்ஸ் பிராயருடன் ஆண்டுக்கணக்காக ஒரு மரக்கொட்டகையில் ஆராதித்தார்கள். 1955 முதல் திடப்படுத்தலுக்குப் போட்டியாக அரசின் வாலிபர் சடங்கு வந்தது. அதை மறுத்த பிள்ளைகள் பலருக்கு மேற்படிப்புக் கதவு அடைபட்டது. பதினான்கு வயதில் எடுக்கவேண்டிய முடிவு அது. எங்களில் நான்கு பேருக்கு இப்போது அந்த வயது.

சமாதான ஆலயம் 1981இல்தான் திறக்கப்பட்டது. மேற்கு ஜேர்மனியச் சபைகளின் பணமும் இப்படிப்பட்ட ஆலயங்களுக்கு உதவியது. மாலையில் அதன் முன் நின்றோம்.

திரும்பும் ரயிலில் ஒரு தம்பி கணக்குப் போட்டான். அவர்கள் காத்திருந்தது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். இரவல் மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல் நாற்காலி அடுக்கும் நமக்கு இது பதினோராம் ஆண்டு. அடுத்த வாரம் நாற்காலி முறை யாருடையது என்று அக்கா ஒருவர் கேட்டார். அவனே கையுயர்த்தினான்.