பஞ்சுச் சீமையில் தீயணைத்த கைகள்

ஏப்ரல் 14 முதல் 20 வரை தமிழகத் தீயணைப்பு நிலையங்களில் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. முதல் நாளன்று, பணியில் உயிர்நீத்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த நாளின் வரலாற்றை வேறெந்த ஊரையும்விடத் திருப்பூர் நன்றாக அறிந்திருக்க வேண்டும். பஞ்சுப் பொதியில் பற்றிய தீயினால் ஏற்பட்ட நினைவு நாள் அது.

1944-ஆம் ஆண்டு, உலகப் போர்க்காலம். பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்களும், கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் இருந்தன. ஏப்ரல் 14 பிற்பகல் பொதிகளிலிருந்து புகை கிளம்பியது. தீயணைப்பு வீரர்கள் விடாமல் நீர் பாய்ச்சினார்கள். பொதிகளுக்குள் கனன்ற நெருப்பு அடங்கவில்லை. நான்கு மணி கடந்ததும் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்தில் மீண்டும் வெடித்தது. எரியும் பொதிகள் பறந்துபோய்க் குடியிருப்புகளின்மேல் விழுந்தன. பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள்; அவர்களைக் காக்க வந்த வீரர்களில் 66 பேர் உயிரிழந்தார்கள்.

அதே பஞ்சைத்தான் திருப்பூரைச் சுற்றியுள்ள நம் கொங்குச் சீமை நூலாக்கி, துணியாக்கி, பனியனாக்கி உலகுக்கு அனுப்புகிறது. ஆகவே தீயணைத்தவர்களின் அனுபவம் நமக்குத் தொழிலறிவின் ஒரு பகுதி. அதைத் திரட்டி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

சென்னையில் முறையான தீயணைப்புப் படை 1908-இல் அமைந்தது. அதற்கு முன்பும், அதன் பிறகு நெடுங்காலமும், கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் தீயணைப்பு என்பது ஊராரின் வேலை. சோளத்தட்டுப் போரில் நெருப்புப் பிடித்தால் கூப்பாடு கேட்ட தூரம்வரை ஆட்கள் ஓடி வருவார்கள். கிணற்றடியிலிருந்து குடங்கள் கைமாறும். இரண்டு பேர் கட்டுத்தறிக்கு ஓடி மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். காற்று போகும் திசையைப் பார்த்து, பக்கத்துச் சாளையின் கூரையை முன்கூட்டியே பிரித்துப் போடுவார்கள். எரிகிற வீட்டைவிட, இன்னும் எரியாத வீட்டை முதலில் கவனி என்ற விதியை யாரும் வகுப்பறையில் கற்கவில்லை. இன்றைய தீயணைப்புப் பயிற்சியிலும் தீ பரவும் வழியை அடைப்பது தலையாய பாடம்.

1862-இல் சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை போத்தனூரைத் தொட்டது; அந்தத் தடத்தில் அமைந்த திருப்பூர் பஞ்சுச் சந்தையாக வளர்ந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் பேக்டரிகள் எழுந்தன. 1930-களில் பைக்காரா மின்சாரம் கொங்கு நாட்டுக்கு வந்தபின் மோட்டார்கள் பெருகின. பருத்தியோடு கலந்து வரும் சிறு கல்லோ ஆணியோ ஜின்னில் உரசினால் பொறி பறக்கும். அப்போது முதலில் மணல் வாளியைத் தூக்குபவர் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிதான். சீருடையும் சம்பளமும் இல்லாத தீயணைப்பு வீரர் அவர்.

ஊர் மக்களுக்கு முறையான பயிற்சியைக் கொண்டு சேர்த்தது போர். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய குண்டுகள் விழுந்தன. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ஏ.ஆர்.பி. எனப்பட்ட விமானத் தாக்குதல் தற்காப்பு அமைப்பில் சாதாரணக் குடிமக்களும் சேர்ந்து பணியாற்றினார்கள். பிற்காலத்தில் 1968-ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் தன்னார்வத் தொண்டர்களுக்கு நிலையான இடம் தந்தது. தன்னார்வத் தீயணைப்புக்கு உலகில் நீண்ட மரபு உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-இல் பிலடெல்பியாவில் நண்பர்களைக் கூட்டித் தன்னார்வத் தீயணைப்புக் குழு தொடங்கினார். சிலி நாட்டில் இன்றும் தீயணைப்புப் பணி முழுவதும் தொண்டர்கள் கையில்தான் இருக்கிறது.

ஆனால் துணிவு மட்டும் இருந்தால் பஞ்சுத் தீயை வெல்ல முடியாது. இதை ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்கள் நன்கு அறிவார்கள். இறுக்கிக் கட்டிய 170 கிலோ பொதியின் மேல் தண்ணீரைக் கொட்டினால் பெரும்பகுதி வழிந்து ஓடிவிடும். உள்ளே இழைகளுக்கிடையே தங்கியுள்ள காற்றே போதும். தீ புழுபோல் குடைந்துகொண்டு நாள்கணக்கில் உயிரோடிருக்கும். அணைந்ததாக நினைத்துக் குடோனைப் பூட்டிச் சென்றால் மறுநாள் மீண்டும் எரியும். பொதியை வெளியே இழுத்து, கட்டை அறுத்து, பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும். தண்ணீரில் சோப்புத்தன்மையுள்ள நனைப்பான் கலந்தால் உள்ளே இறங்கும்.

உதிரிப் பஞ்சுக்கு வேறு முறை. நேர்பீச்சாக அடித்தால் எரியும் பஞ்சு சிதறி நான்கு மூலையிலும் பற்றும். தூவலாகத்தான் அடிக்க வேண்டும். உத்தரத்திலும் விளக்கிலும் ஒயரிலும் படிந்த பஞ்சுத் தூசி, கண்ணிமைக்கும் நேரத்தில் தீயைக் கூடத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோகும். பனியன் துணியில் மென்பஞ்சு எழுப்பும் ரைசிங் மெஷின் பக்கமும், கழிவுப் பஞ்சை நூலாக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களிலும், கட்டிங் வேஸ்ட் குவிந்த குடோன்களிலும் இந்த ஆபத்து மிகுதி. இப்போது பாலியஸ்டர் துணியும் பெருகிவிட்டது; அது உருகிச் சொட்டித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பழைய அனுபவத்தோடு புதிய பாடமும் சேர வேண்டும்.

வழி அடைபட்டால் எந்தப் பம்பும் உதவாது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள், கதவு பூட்டியிருந்தது. நூறாண்டு கழித்து, 2012 செப்டம்பரில் கராச்சி ஆடைத் தொழிற்சாலையில் 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கும் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38-ஆம் பிரிவு தீத்தடுப்பையும், தப்பும் வழியையும், அந்த வழி தொழிலாளர்களுக்குத் தெரிந்திருப்பதையும் கட்டாயமாக்கியது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைக்கும் பிள்ளைகளுக்கு அந்த வழி அவரவர் மொழியில் சொல்லப்பட்டாக வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை மூன்று. ஓய்வு பெற்ற வீரர்களின் நினைவுகளைக் குரலாகப் பதிவு செய்வது முதலாவது: எந்தக் குடோனில் எப்படிப் பற்றியது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதெல்லாம் அவர்களோடு போய்விடக் கூடாது. ஒவ்வொரு பனியன் கம்பெனியிலும் ஷிப்டுக்கு ஒரு தன்னார்வக் குழுவை அமைத்து, ஓய்வு பெற்ற அந்த வீரர்களையே ஆசான்களாக வைப்பது இரண்டாவது. ஏப்ரல் 14 அன்று இப்பகுதி முழுவதும் வேலையைச் சற்று நிறுத்தி வெளியேறும் ஒத்திகை நடத்துவது மூன்றாவது.

101-க்கு அழைத்து வண்டி வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் தொழிலாளியின் கையில்தான் இருக்கின்றன. அந்தக் கைகளைப் பழக்கிவிடுவது, பம்பாயில் மாண்ட 66 பேருக்குப் பஞ்சால் வாழும் இந்த ஊர் செலுத்த வேண்டிய கடன்.